என் தந்தை சவரிராஜின் நுரையீரலைச் சோதிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ச. ஜோசபின் (வயது 17),
சவரிராஜ், பிரிஜட் இவர்களின் மகள்,
மார்சிலிங் வீடமைப்புப் பேட்டை,
சிங்கப்பூர்.

பெறுநர்:
மரண விசாரணை அதிகாரி அவர்கள்,
சிங்கப்பூர்.

பொருள்: கிரே ஹெரன் கப்பல் பட்டறையில் கல்நார் வேலை செய்து நோயுற்று, மருத்துவமனையில் இறுதி நிலையில் இருக்கும் என் தந்தை இறந்ததும், அடக்கத்துக்கு முன் அவருடைய நுரையீரலைச் சோதித்து உண்மையான காரணத்தைப் பதிவு செய்ய வேண்டுவதும், அப்பட்டறையிடம் உள்ள எக்ஸ்ரே படங்கள் உண்மையானவை அல்ல என்று தெரிவிப்பதும்.

மதிப்பிற்குரிய விசாரணை அதிகாரி ஐயா அவர்களுக்கு வணக்கம்.

என் தந்தை இன்னும் உயிரோடு இருக்கிறார். உயிரோடு இருப்பவரைப் பற்றித் தங்களுக்கு எழுதுவது முறையாகாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர் இறந்த பிறகு எழுதினால் நேரம் இருக்காது. எங்கள் வழக்கப்படி மறுநாளே மாதா கோயிலில் பூசை முடித்து அடக்கம் செய்துவிடுவார்கள். அவருக்குத் தெரிந்தே, அவர் சொல்லித்தான் இந்த மனுவை எழுதுகிறேன். ஒவ்வொரு பகுதியையும் எழுதி முடித்ததும் வார்டில் அவருக்குப் படித்துக் காட்டினேன். அவர் திருத்தச் சொன்னதைத் திருத்தியிருக்கிறேன்.

நான் உயர்நிலை இரண்டோடு படிப்பை நிறுத்தியவள். ஆங்கிலத்தில் இவ்வளவு எழுத எனக்கு வராது. தமிழும் இந்நாட்டின் அதிகாரத்துவ மொழி என்பதால் தமிழில் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. என் தந்தை தம் அண்ணன் இயேசுதாசன் அழைத்ததால் 1964-இல் தமிழ்நாட்டிலிருந்து சிங்கப்பூர் வந்தார். என் பெரியப்பா அப்போது கிரே ஹெரன் பட்டறையில் பாரந்தூக்கி ஓட்டிக்கொண்டிருந்தார். அவர்தான் மேலாளரிடம் சொல்லி என் தந்தையையும் அங்கே சேர்த்தார். என் தந்தைக்குக் கிடைத்தது பஞ்சு வேலை. பழுதுபார்க்க வரும் கப்பல்களின் அடித்தளத்தில் கொதிகலன்களும் நீராவிக் குழாய்களும் இருக்கும். அவற்றின் சூடு வெளியே வராதபடி மேலே கல்நாரைப் பூசுவார்கள். கல்நார் என்பது நாம் எழுதும் சொல். அங்கே வேலை செய்தவர்கள் யாரும் அப்படிச் சொன்னதில்லை. வெள்ளையாக, மெத்தென்று இருந்ததால் பஞ்சு என்றே சொன்னார்கள். அந்தக் கூட்டத்துக்குப் பஞ்சு கேங் என்று பெயர்.

2. பழைய பஞ்சை முதலில் சுத்தியலால் தட்டி உதிர்க்க வேண்டும். அடித்தளத்தில் காற்று போக வழி கிடையாது. விளக்கைச் சுற்றிப் புகைபோல் தூசி நிற்கும் என்றும், பக்கத்தில் நிற்பவரை இருமலை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொள்வார்கள் என்றும் என் தந்தை சொன்னார். பிறகு புதுப் பஞ்சைத் தகர டிரம்மில் கொட்டித் தண்ணீர் விட்டு ரொட்டி மாவு பிசைவது போல் வெறுங்கையால் பிசைந்து குழாயில் அப்புவார்கள். அதற்கு மேல் பஞ்சுத் துணியைச் சுற்றி வளைந்த ஊசியால் தைப்பார்கள். முகத்துக்குக் கட்டிக்கொள்ள எதுவும் கொடுக்கப்படவில்லை. கைக்குட்டை கட்டியவர்களை மற்றவர்கள் புதுப்பெண் என்று கேலி செய்ததாகவும் என் தந்தை சொன்னார். இதை எழுத வேண்டாம் என்று நினைத்தேன். அவர்தான் எழுது என்றார்.

3. பஞ்சுத் துணியின் வெட்டுத் துண்டுகளைத் தீபாவளிக்கும் பெருநாளுக்கும் கிறிஸ்துமசுக்கும் மேற்பார்வையாளர் வீட்டுக்குக் கொண்டுபோகக் கொடுப்பாராம். நெருப்புப் பிடிக்காத துணி என்று எல்லாரும் ஆசையாக வாங்கிப்போனார்கள். எங்கள் வீட்டில் அதன் மேல் வைத்துத்தான் துணி தேய்த்தோம். கேங்கில் ஒருவரான அப்துல் காதர் என்பவர் வீட்டில் விருந்துக்குப் பிரியாணி தம் போடும்போது சட்டியின் வாயில் அந்தத் துணியைச் சுற்றி மூடியை அழுத்துவார்களாம். மாவு பூசினால் வெடித்துவிடும், இது வெடிக்காது என்று அக்கம்பக்கத்தார்கூட இரவல் வாங்கினார்களாம். அந்த அப்துல் காதர் இறந்து நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதியபோதும் அதே துணியைச் சுற்றித்தான் சமைத்தார்கள். அவர் மனைவி ருக்கையா அதை எங்களிடம் சொன்னபோது தம் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

4. இனி எக்ஸ்ரே படங்களைப் பற்றிச் சொல்கிறேன். 1973-ஆம் ஆண்டு முதல் ஆண்டுக்கு ஒரு முறை நெஞ்சைப் படமெடுக்கும் வண்டி ஒன்றைப் பட்டறை வாசலுக்கு வரவழைத்தார்கள். முதல் ஆண்டில் பஞ்சு கேங்கில் இருவருடைய படத்தில் நிழல் தெரிந்தது. காசநோய் என்று சொல்லி அவர்களுடைய வேலை அனுமதியை ரத்து செய்துவிட்டார்கள். அந்த வாரமே அவர்கள் நாட்டைவிட்டுப் போக வேண்டியிருந்தது. அப்போது என் தந்தைக்கும் குடியுரிமை கிடையாது. மற்றவர்களுக்கும் கிடையாது. மனைவி மக்களோடு இங்கேயே தங்கிவிட்டவர்கள் அவர்கள். அடுத்த ஆண்டு வண்டி வந்தபோது அதன் முன் போய் நிற்க யாருக்கும் துணிவில்லை.

5. அங்கே ஹனீபா என்பவர் கப்பலுக்கு அடிக்கும் சாயக் கிடங்கில் வேலை செய்தார். அவர் பஞ்சுப் பக்கம் வந்ததே இல்லை. பந்து விளையாடுபவர். நெஞ்சு நன்றாக இருந்தது. தங்கள் கேங்குக்காக வண்டி முன் போய் நிற்கும்படி அவரை அப்துல் காதர் கேட்டுக்கொண்டார். ஹனீபா தம் பெயரில் ஒரு முறை படம் எடுத்துக்கொண்டார். பிறகு சட்டையை மாற்றிக்கொண்டு அப்துல் காதர் பெயரில் ஒரு முறையும், ஜார்ஜ் பெயரில் ஒரு முறையும், அழகப்பன் பெயரில் ஒரு முறையும், என் தந்தை பெயரில் ஒரு முறையும் போய் நின்றார். இடையிடையே வேறு ஆட்கள் போய் வந்தார்கள். படமெடுத்தவர் முகத்தைப் பார்க்கவில்லை. சீட்டில் பெயரை மட்டும் பார்த்தார். எங்கள் பெயர்களை அவரால் உச்சரிக்க முடியாததால், சீட்டைக் காட்டி "இதுவா?" என்று மட்டும் கேட்பாராம். அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் இப்படியே நடந்தது. வெளியே தெரிந்தால் ஹனீபாவுக்கு ஆபத்து என்று யாரும் தங்கள் வீட்டில்கூடச் சொல்லவில்லை. "ஹனீபா, உன் நெஞ்சுல நாங்க நாலு பேரு குடியிருக்கோம்டா. வாடகை கேட்டுடாதே" என்று ஜார்ஜ் சொல்லிச் சிரிப்பாராம். இதைப் படித்துக் காட்டியபோது என் தந்தையும் சிரித்தார். பிறகு வெகுநேரம் இருமினார்.

ஐயா, இது தவறு என்று இப்போது எல்லாருக்கும் தெரியும். ஏமாற்ற வேண்டும் என்று அவர்கள் செய்யவில்லை. நாட்டைவிட்டு அனுப்பப்படுவதற்குப் பயந்தார்கள். தூசி தங்களைக் கொன்றுவிடும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

6. ஜார்ஜ் 1979-இல் இறந்தார். அடுத்த ஆண்டு அப்துல் காதர். அதற்கடுத்த ஆண்டு அழகப்பன். ஜார்ஜின் இறப்புச் சான்றிதழில் காசநோய் என்று இருக்கிறது. அப்துல் காதருக்கு நிமோனியா. அழகப்பனுக்கு இருதயம் நின்றது என்று இருக்கிறது. மூவருடைய உடலும் சோதிக்கப்படவில்லை. அப்துல் காதரை அன்று மாலைத் தொழுகைக்கு முன்பே அடக்கம் செய்துவிட்டார்கள். ஜார்ஜுக்குக் கோயிலில் பூசை வைத்து மறுநாள் புதைத்தார்கள். அழகப்பனை எரித்துவிட்டார்கள். உடலை அறுக்க விடக் கூடாது என்பதில் மட்டும் மூன்று வீட்டாரும் ஒரே மாதிரி இருந்தார்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு, சீக்கிரம் உடலைக் கொடுத்ததற்கு நன்றி சொல்லிவிட்டு வந்தார்கள்.

7. மூவருடைய மனைவியரும் இவ்வாண்டு ஜூலை மாதம் பட்டறைக்குப் போனார்கள். தங்கள் கணவர்மார் பஞ்சு வேலையால் இறந்தார்கள் என்று ஒரு கடிதம் தரும்படி கேட்டார்கள். அங்கிருந்த அதிகாரி மரியாதையாகவே பேசினாராம். உட்காரச் சொல்லி, மூவருடைய எக்ஸ்ரே படங்களையும் எடுத்துவந்து சன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எல்லாம் சுத்தமாக இருந்தன. எங்களிடம் வேலை செய்த காலத்தில் உங்கள் கணவர்மார் நலமாகவே இருந்திருக்கிறார்கள், இந்நோய் எங்கள் பட்டறையில் ஒருவருக்கும் வந்ததில்லை என்று சொன்னார். ஜார்ஜின் மனைவி பிலோமினம்மாளும் அழகப்பனின் மனைவி முத்தாயியும் எழுந்துவிட்டார்கள். ருக்கையா மட்டும் எழவில்லை. அப்துல் காதர் கப்பல் ஏணியிலிருந்து விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்தவர். கூடிய இடத்தில் முண்டு தெரியும். படத்தில் எலும்பு நேராக இருந்தது. "இது அவுங்க இல்ல" என்று ருக்கையா சொன்னார். துக்கத்தில் அப்படித்தான் தோன்றும் என்று அதிகாரி சொல்லிவிட்டார்.

8. ஆண்டுதோறும் கல்லறைத் திருநாளை அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இறந்தவர்களுக்காகக் கூடுகிறோம். டன்லப் ஸ்திரீட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் நூர்தீன் தம் மாடி அறையைக் கொடுக்கிறார். அரிசி மூட்டைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு உட்காருவோம். பிலோமினம்மாள் கல்லறையிலிருந்து மெழுகுவர்த்தி கொண்டுவருவார். ருக்கையா பாத்திஹா ஓத ஒருவரை அழைத்து வருவார். முத்தாயி சாம்பிராணி போடுவார். ஒருவர் வேண்டுதல் முடியும்வரை மற்றவர்கள் காத்திருப்பார்கள். கடைசியில் நான் பெயர்களைப் படிப்பேன். சத்தமாகப் படிக்க வேண்டியிருப்பதால் எனக்கு அது கஷ்டம். ஆனால் சான்றிதழ்கள் ஆங்கிலத்தில் இருப்பதால் என்னிடம் கொடுத்தார்கள். முதல் ஆண்டு, "ஜார்ஜ். காசநோய்" என்று படித்தேன். கோயிலில் மன்றாட்டுக்குப் பதில் சொல்லும் அதே குரலில் பிலோமினம்மாள் "பொய்" என்றார். அடுத்த பெயருக்கு எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள். அன்று முதல் அப்படியே ஆகிவிட்டது.

9. இவ்வாண்டு அந்தக் கூட்டத்துக்கு ஹனீபா முதன்முறையாக வந்திருந்தார். அவர் பட்டறையை விட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. புக்கிட் மேராவில் வசிக்கிறார். நூர்தீன்தான் அவரைச் சந்தித்து அழைத்து வந்தார். பெயர்களைப் படித்து முடித்த பிறகு ருக்கையா பட்டறையில் பார்த்த படத்தைப் பற்றிச் சொன்னார். தாம் மனம் பேதலித்துத்தான் அப்படிப் பார்த்தோமோ என்று எங்களிடம் கேட்டார். அப்போது ஹனீபா எழுந்து நின்றார். அவர் ருக்கையாவிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். லாத்தா என்றால் அக்கா.

"லாத்தா, நீங்க பார்த்தது சரிதான். அது மச்சான் நெஞ்சு இல்ல. என் நெஞ்சு. ஜார்ஜ் அண்ணன் படமும் என் நெஞ்சு, அழகப்பண்ணன் படமும் என் நெஞ்சு. சவரி அண்ணன் படத்த எடுத்துப் பார்த்தாலும் நான்தான் இருப்பேன்."

முத்தாயி சாம்பிராணித் தட்டைக் கீழே வைத்தார். பிறகு அவர்தான் கேட்டார். "உன் நெஞ்சு நல்லாயிருக்குன்னு எழுதிக் குடுத்துட்டு, என் வீட்டுக்காரர அந்தக் குழிக்குள்ள திரும்பத் திரும்ப எறக்குனாங்களா தம்பி?"

"காதர் மச்சான் கேட்டாரு அக்கா. நான் முடியாதுன்னு சொல்லியிருக்கணும்லா" என்றார் ஹனீபா. அப்படியே அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். ருக்கையா எழுந்துபோய் அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். முத்தாயி அன்று முழுவதும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

10. அடுத்த வாரம் ஹனீபா பட்டறைக்குப் போய் நடந்ததைச் சொன்னார். வேலையை விட்டுப்போனவர் மனத்தாங்கலில் பேசுகிறார் என்றும், பட்டறை மருத்துவர் கையெழுத்திட்ட படங்களை ஒருவருடைய வாய்ச்சொல்லுக்காகப் பொய் என்று சொல்ல முடியாது என்றும் பதில் வந்தது. அவருடைய நெஞ்சை இப்போது மறுபடி படமெடுத்து அந்தப் படங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும்படி கேட்டார். அதற்கு இதுவரை பதில் இல்லை.

11. என் தந்தைக்கு மூச்சுத் திணறல் தொடங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. பட்டறையிலிருந்து விலகியபின் சந்தையில் கூட்டிப் பெருக்கும் வேலை செய்தார். பிறகு துடைப்பத்தைத் தூக்கவும் முடியவில்லை. நான் அப்போதுதான் பள்ளியிலிருந்து நின்றேன். இந்த செப்டம்பரில் அவரை மருத்துவமனையில் சேர்த்தோம். நுரையீரலைச் சுற்றியுள்ள தோல் தடித்து, உள்ளே நீர் கோத்துக்கொண்டே இருக்கிறது. எடுக்க எடுக்க ஊறுகிறது. கல்நார்த் தூசியால் வந்தது போல்தான் தெரிகிறது என்று மருத்துவர் சொன்னார். ஆனால் பட்டறையிலிருந்து தருவித்த 1977-ஆம் ஆண்டுப் படம் சுத்தமாக இருப்பதாலும், என் தந்தை புகைபிடித்தவர் என்பதாலும், நுரையீரலையே எடுத்து உருப்பெருக்கியில் பார்த்தாலன்றி உறுதியாக எழுத முடியாது என்றும் சொன்னார். இப்போது அறுவை செய்தால் தாங்கமாட்டாராம். அப்படியென்றால் எப்போது பார்க்க முடியும் என்று நான் கேட்கவில்லை. என் தந்தை கேட்டார்.

12. மருத்துவர் போனபின் என் தந்தை, "என்னை அறுத்துப் பார்க்கச் சொல்லு" என்றார். படங்களை ஹனீபாவின் நெஞ்சு என்று நிரூபிக்க முடியாவிட்டாலும், இந்த நெஞ்சு என்னுடையது என்பதை யாரும் மறுக்க முடியாது என்பது அவர் எண்ணம். அந்தக் கேங்கில் இங்கே எஞ்சியிருப்பவர் அவர் ஒருவரே. அவரையும் காசநோய் என்று எழுதிப் புதைத்துவிட்டால் பிறகு கேட்பதற்கு ஓர் உடலும் இல்லை. ஜார்ஜ், அப்துல் காதர், அழகப்பன் ஆகியோருடைய சான்றிதழ்களும் அப்படியே நின்றுவிடும். ஹனீபாவுக்கு இதனால் ஆபத்து வருமா என்பதை மட்டும் அவர் பலமுறை கேட்டார். வராது என்று என்னால் உறுதி சொல்ல முடியவில்லை. ஹனீபா பக்கத்தில்தான் இருந்தார். "வந்தா வரட்டும்ணே, நீங்க கையெழுத்துப் போடுங்க" என்றார்.

13. என் பெரியப்பா இதற்குச் சம்மதிக்கவில்லை. அவர் நல்லவர். கோயில் காரியங்களில் முன்நின்று உழைப்பவர். எங்கள் வீட்டுக்கு எல்லாம் அவர்தான். மருத்துவமனையில் கையெழுத்திடுவதும் அவரே. பட்டறையில் அவரோடு வேலை செய்த ஒருவர், தண்ணீரை வடித்துக் கப்பலை நிறுத்தும் உலர்துறைப் பள்ளத்தில் விழுந்து இறந்தபோது உடலைச் சோதித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். சாக்குத் தைப்பது போல் எட்ட எட்டத் தைத்திருந்ததைப் பெரியப்பா பார்த்திருக்கிறார். உடலைக் குளிப்பாட்டியவர்களில் அவரும் ஒருவர்.

"முழுசா வந்தவன் முழுசாத்தான் போகணும். கடைசி நாள்ல எந்த உடம்போட எழும்புவான்?" என்று அவர் வார்டில் எல்லார் முன்பும் கேட்டார்.

என் தந்தைக்கு ஒரே மூச்சில் பேச முடியாது. நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "எழுப்பற ஆண்டவருக்கு... தையல் பிரிக்கத் தெரியாதாண்ணே?"

பெரியப்பா வெளியே போய்விட்டார். நான் பின்னால் போனேன். நடையில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும், "அவனக் கூட்டிட்டு வந்து அங்க சேர்த்துவிட்டது நான்தாம்மா. உள்ள அதுதான் இருக்குன்னு எழுதி என் கையில குடுத்தா நான் என்னா பண்றது?" என்றார். அவர் மறுப்பதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். இதை எழுதியதற்காக அவர் என்னைக் கோபித்துக்கொள்ளலாம். அவரைத் தாங்கள் குற்றமாக நினைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

14. என் தாயார் சம்மதம் என்றும் சொல்லவில்லை, மறுப்பும் சொல்லவில்லை. கணவரின் அண்ணன் சொல்லை மீறி அவர் பேசியதில்லை. பட்டறைச் சட்டைகளை உதறித் துவைத்தவர் அவர்தான். உதறும்போது வீட்டுக்குள் வெள்ளையாகப் பறக்கும். சென்ற ஈஸ்டருக்குப் பிறகு அவரும் இருமுகிறார். மருத்துவரிடம் வரச் சொன்னால், முதலில் அப்பா காரியம் முடியட்டும் என்கிறார். என் தந்தையின் நுரையீரலில் இருப்பது என்ன என்று தெரிந்தால், என் தாயாரை எதற்காகச் சோதிக்க வேண்டும் என்று நான் ஒரு மருத்துவரிடம் சொல்ல முடியும். இப்போது நான் சொன்னால், சட்டை துவைத்ததற்கா இருமல் வரும் என்று கேட்கிறார்கள்.

15. எனக்கு இருபத்தொரு வயது ஆகாததால் என் கையெழுத்துச் செல்லாது என்று வார்டில் சொன்னார்கள். தாங்கள் உத்தரவிட்டால் குடும்பத்தார் கையெழுத்து தேவையில்லை என்று ஒரு தாதி சொன்னார். அது சரியா என்று எனக்குத் தெரியாது. சரியென்றால், பின்வருவனவற்றைச் செய்து உதவும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அ) என் தந்தை இறந்தால் தங்களுக்குத் தெரிவிக்காமல் சான்றிதழ் எழுதவோ உடலை ஒப்படைக்கவோ கூடாது என்று வார்டுக்கு இப்போதே எழுதி அனுப்ப வேண்டும்.

ஆ) அவருடைய நுரையீரலைச் சோதித்து, கண்டது எதுவானாலும் அதை எழுத வேண்டும். கல்நார் இல்லை என்றால் இல்லை என்றே எழுதுங்கள். அதையும் டன்லப் ஸ்திரீட்டில் நான் படிப்பேன்.

இ) ஹனீபாவின் வாக்குமூலத்தைத் தாங்கள் நேரில் வாங்க வேண்டும். அவர் எப்போது அழைத்தாலும் வரத் தயாராக இருக்கிறார். பயந்தவர்களுக்காகத் தம் நெஞ்சைக் கொடுத்தவர் என்பதை எண்ணி அவரைத் தண்டிக்காமல் விட வேண்டும்.

ஈ) ஜார்ஜ், அப்துல் காதர், அழகப்பன், சவரிராஜ் என்ற பெயர்களில் பட்டறை வைத்திருக்கும் படங்களை அவை காணாமல் போவதற்குள் தங்கள் பொறுப்பில் எடுக்க வேண்டும்.

உ) சோதனை முடிந்ததும் உடலை நன்றாகத் தைத்துக் கொடுக்க வேண்டும். இது என் தந்தை தனியாகச் சொல்லச் சொன்னது. குழாயில் பஞ்சுத் துணி தைப்பதில் அவர் கை பேர்போனது. தையல் கோணினால் பிரித்துவிட்டு மறுபடி தைப்பாராம். "நெருக்கமா தைக்கச் சொல்லு. அண்ணன் பார்ப்பாரு" என்றார். அவர் கேட்டது இது ஒன்றுதான்.

16. என் தந்தை தம் சம்மதத்தைத் தெரிவித்து இம்மனுவின் பின்பக்கத்தில் கையெழுத்திட்டிருக்கிறார். எழுத்து நடுங்கியிருப்பதால் பெருவிரல் ரேகையும் வைத்திருக்கிறார். ஹனீபாவும் ருக்கையாவும் சாட்சிக் கையெழுத்திட்டிருக்கிறார்கள். சவரிராஜ் என்று எழுதி முடிக்க அவருக்கு மூன்று முறை ஓய்வு வேண்டியிருந்தது. அவர் கையெழுத்துத்தானா என்று சந்தேகம் வந்தால் இந்த வாரத்துக்குள் யாரையாவது அனுப்பிக் கேட்கும்படி வேண்டுகிறேன். அதற்குப் பிறகு அவரால் பதில் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை.

17. இன்னும் ஒன்று. அவர் இறக்கும்போது அநேகமாக நான்தான் பக்கத்தில் இருப்பேன். பெரியப்பா வந்து கையெழுத்திடுவதற்கு முன், வார்டு நடையில் இருக்கும் பொதுத் தொலைபேசியிலிருந்து தங்கள் அலுவலகத்தை அழைப்பேன். எண்ணை வாங்கி வைத்திருக்கிறேன். ஆனால் எனக்குத் தொலைபேசியில் பேசிப் பழக்கம் இல்லை. தெரியாதவர் குரல் கேட்டால் எனக்குச் சொல் வருவதில்லை. மறுமுனையில் சத்தமே இல்லையென்றால், யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்து வைத்துவிட வேண்டாம் என்று தங்கள் அலுவலகத்தில் உள்ளவர்களிடம் சொல்லி வையுங்கள். அது நான்தான். நான் பேசாவிட்டாலும் என் தந்தை இறந்துவிட்டார் என்று அறிந்துகொண்டு, தயவுசெய்து உடனே ஆளனுப்புங்கள்.

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,

(கையெழுத்து)
ச. ஜோசபின்

இடம்: மார்சிலிங், சிங்கப்பூர்
நாள்: 28 நவம்பர் 1983